கலுங்கை அடைக்கும் நாள்

பூவரசேந்தல் மடத்தில் குருவைவிடச் சீடருக்குப் பதினேழு வயது கூடுதல். குரு உமையாள் அம்மாவுக்கு நாற்பத்து நான்கு. சீடர் மங்களநாதன், நீர்வளத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை போட்டுக் காவி கட்டி மூன்று வருடமாகியும் ஊரில் ஒருவரும் அவரைச் சாமி என்று கூப்பிடவில்லை. ஓவர்சியர்தான். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சேர்ந்த புதிதில் மாயை என்றால் என்ன, முக்தி என்றால் என்ன என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். மூன்றாம் வருடம்தான் மனிதர் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்.

"கலுங்கை எந்த நாள்ல அடைக்கிறதும்மா?"

கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற இடம்தான் கலுங்கு. பூவரசேந்தல் கலுங்கின் மேல் பதினோரு கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் வழிந்து ஓடையில் விழும். மழை முடிகிற சமயத்தில் அந்தச் சந்துகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டால் கண்மாயில் இரண்டடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் அந்த இரண்டடிதான். அது கிடைக்காவிட்டால் கதிர் முழுக்க மணி பிடிக்காத சாவி.

அடைத்த பிறகு பெருமழை வந்துவிட்டால் அது வேறு கதை. கலுங்குக்குக் கீழே ஓடைக்குள் பத்தொன்பது வீடுகள் இருந்தன. ஒரு குழி நிலம் இல்லாதவர்கள், கண்மாய்ப் பாசன வயல்களில் கூலி வேலை செய்து பிழைக்கிறவர்கள். வேறு இடம் யாரும் கொடுக்கவில்லை, அங்கே இருந்தார்கள். ஆசைப்பட்டு எவனும் ஓடைக்குள் வீடு கட்ட மாட்டான்.

அடைக்கிற நாளைச் சொல்வதும் முதல் மண்கட்டியை வைப்பதும் மடத்தின் பொறுப்பு. மடம் வைக்காமல் ஊரில் ஒருவரும் மண்ணைத் தொட மாட்டார்கள். மடத்துக்கு அந்தக் கண்மாயில் ஒரு செண்ட் பாசனம் கிடையாது. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, அதனால் நியாயமாகச் சொல்வார்கள் என்று அந்தக் காலத்தில் எவரோ மூளையைக் கசக்கிச் செய்த ஏற்பாடு. மடத்தில் இருந்தவர்களுக்கும் அதில் ஒரு பெருமைதான்.

நாளும் ஒன்றும் ரகசியமில்லை. திருக்கார்த்திகை கழிந்து வருகிற முதல் திங்கட்கிழமை. எத்தனையோ தலைமுறையாக அதே திங்கட்கிழமைதான் அடைத்தார்கள், மழையும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதற்குள் பெய்து முடித்தது.

இப்போது மழைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒன்றரை மாதம் பெய்ய வேண்டியதை ஐப்பசியில் ஐந்தே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஆளைக் காணோம். கண்மாய் நிறைந்து, வழிந்து, ஓடையில் ஓடி வீணாய்ப் போயிற்று. திருக்கார்த்திகை முடிந்து அம்மா முதல் கட்டியை வைத்தபோது தேக்கி வைக்கத் தண்ணீரே இல்லை. இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி ஆனது. இரண்டு வருடமும் ஊர் வைக்கோலைத்தான் அறுத்தது.

அதனால்தான் ஓவர்சியர் கேட்டார். அம்மா அவரையே திருப்பிக் கேட்டார்.

"முப்பது வருசம் மழையை அளந்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்களேன்."

ஓவர்சியருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய மழைக் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தார். செல்போனில் வானிலை பார்த்தார். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை என்று சொன்னார். முதல் கட்டியையும் அவரே வைத்தார். ஊர் அவருக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்தது. கண்மாய் கல் கழுத்து வரைக்கும் நிறைந்து நின்றதைப் பார்க்க அவர் தினமும் இரண்டு தடவை கரைக்குப் போய் வந்தார். அதில் தப்புச் சொல்ல முடியாது, யாருக்கும் இருக்கிற ஆசைதான்.

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, லேசான மழை என்று செல்போன் சொன்னது. மத்தியானம் பிடித்த மழை வானம் கிழிந்து போனதுபோல ஊற்றியது. இரண்டரை மணிக்கு ஓவர்சியர் குடையை வீசிவிட்டுக் கலுங்குக்கு ஓடினார். அளவுகோலில் கால்மணிக்கு நாலு விரல் வீதம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அவருக்கு முன்னால் நாற்பது பேர் மண்வெட்டியோடு அங்கே நின்றார்கள். பாசனக்காரர்களுக்குத் தலைவர் வெள்ளைக்கண்ணு. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வருடம் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவர்.

அடைத்ததைப் பிரித்து விடுங்கள் என்றார் ஓவர்சியர்.

"ஒரு மணி நேரம் பொறுங்கய்யா," என்றார் வெள்ளைக்கண்ணு. "இந்த மழை விட்டுருச்சுன்னா, திறந்து விட்ட தண்ணியை நாங்க எங்க போய்த் தேடுறது?"

நாற்பது பேரும் ஓவர்சியர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் துண்டு போர்த்தியவர்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

மூன்றரை மணிக்குப் பிரிக்கச் சொன்னபோது யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் கல்லுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது, கிட்டே போக முடியவில்லை. நாலு மணிக்கு நடுவில் இருந்த நாலு கல் சேர்ந்தாற்போல் பெயர்ந்தன. தேக்கி வைத்ததும் புதிதாக வந்ததும் ஒரே மூச்சில் ஓடைக்குள் இறங்கின.

பத்தொன்பது வீட்டில் பதினாலு வீடு போயிற்று. சத்தம் கேட்டு ஓடியவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். பூமயிலின் புருஷன் வயிரவனுக்கு ஓட வழியில்லை. இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதமாகக் கட்டிலில் கிடந்தவர். பூமயில் அவரைத் தூக்கிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். ஒற்றை ஆளால் அசைக்கிற உடம்பு இல்லை அது. கழுத்தளவு தண்ணீரில் அவர்தான் அவளைப் போகச் சொல்லித் தள்ளிவிட்டாராம். இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

அதிகாரிகள் வந்தார்கள். வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒரு தார்ப்பாயும் கிடைத்தது. கோடைக்குள் கலுங்கையும் சரிசெய்துவிட்டார்கள், பெயர்ந்த நாலு கல்லுக்கும் புதுக் கல் வந்தது. வயிரவனுக்குப் பதிலாக ஆள் கொடுக்க எந்தத் துறையிலும் திட்டம் இல்லை.

வானிலை அறிக்கை காலை வாரிவிட்டது என்று ஓவர்சியர் எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, ஒரு வருடமாக அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் ஐப்பசி வந்தது. வெள்ளைக்கண்ணு வெற்றிலை பழத் தட்டோடு மடத்துக்கு வந்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். நாள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓவர்சியர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தப் பொறுப்பு தனக்கு வேண்டாம், இனிமேல் அந்தக் கல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், அம்மாவே நாள் சொல்லட்டும் என்றார்.

வெள்ளைக்கண்ணுவை உட்காரச் சொல்லிவிட்டு அம்மா ஓடைப் பக்கம் நடந்தார். ஓவர்சியர் பின்னாலேயே போனார். எங்கே போகிறோம் என்று பாதி வழியில் தெரிந்துவிட்டது. திரும்பிப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பூமயில் வீட்டுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். பழைய இடத்திலேயே எழுப்பிய வீடு. அம்மா வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

"கேளுங்க ஓவர்சியரே."

"என்னத்தம்மா கேக்கிறது?"

"என்கிட்டக் கேட்டதைத்தான்."

ஓவர்சியர், கலுங்கை எப்போது அடைக்கலாம் என்று பூமயிலிடம் கேட்டார். அந்த ஓடையில் பிறந்து வளர்ந்தவள் அவள். இந்தக் கேள்வியை அவளிடமோ அவளைப் பெற்றவர்களிடமோ அதுவரை யாரும் கேட்டதில்லை. கையில் இருந்த மண்ணை வழித்துப் போட்டாள்.

அடைக்கத்தான் வேண்டும் என்றாள். அறுப்பு இல்லாவிட்டால் எந்த வயலில் எனக்கு வேலை இருக்கிறது, போன வருடமும் வேலை இல்லை, அதற்கு முந்தைய வருடமும் இல்லை, அடைக்கிற நாளை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஓவர்சியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மழைக் குறிப்பேடு, செல்போன், அன்றைய அறிக்கை என்று ஆரம்பித்தார். பூமயில் குறுக்கே பேசினாள்.

"தண்ணி ஏறுதுன்னு உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுச்சு?"

ஓவர்சியர் அம்மா முகத்தைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டரைக்கு."

"எங்களுக்கு நாலு மணிக்குத் தெரிஞ்சுச்சு."

பஸ் வருகிற நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கோபம்கூட இல்லை.

"கரையில நாப்பது பேர் நின்னீகளாமே. ஒரு ஆளை ஓடியாந்து சொல்லச் சொல்லியிருந்தா, நாங்க நாலு பேர் சேந்து கட்டிலோட அவரைத் தூக்கிருப்போம்."

கலுங்கிலிருந்து அந்த வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் ஓடி வந்துவிடலாம். ஒரு வருடமாகத் தண்ணீரைப் பற்றியும் கல்லைப் பற்றியும் மண் இறுகியதைப் பற்றியும் நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவருக்கு, இந்தப் பத்து நிமிடம் ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை.

"ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னாங்க," என்றார். "நானும் பொறுத்தேன்."

"பொறுத்தீகளாக்கும்," என்றாள் பூமயில். திரும்பவும் மண்ணை அள்ளிச் சுவரில் அப்பினாள். அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

மேடு ஏறும்போது ஓவர்சியர் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுபத்தொரு வயது மனிதர், மண்ணில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். அம்மா தேற்றவில்லை. பக்கத்தில் நின்றார்.

"நான் கெட்டவன் இல்லையேம்மா," என்றார் ஓவர்சியர். "ஓடிப்போய்ச் சொல்லணும்னு எனக்கு ஏன் தோணலை?"

"எனக்கும்தான் தோணலை. அன்னைக்கு நான் மடத்துச் சன்னல்கிட்ட நின்னு மழையைப் பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஓவர்சியர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா முகத்தில் ஈவிரக்கமே இல்லை. அவ்வளவும் தன் மேலேயே வைத்திருந்த கோபம்.

"மடத்தைக் கட்டுனவுக நல்ல மேடாப் பாத்துக் கட்டியிருக்காக," என்றார் அம்மா.

ஓவர்சியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வெள்ளைக்கண்ணு காத்துக்கிட்டிருப்பாரும்மா. நாள் என்னன்னு சொல்றது?"

"பூமயில் வீட்டுக்குக் கீழ, ஓடைக்குள்ள, எனக்கு ஒரு குடிசை போடச் சொல்லுங்க. நான் குடிபோன மறுநாள் அடைச்சுக்கலாம்."