சாண் குறைந்த அறை

சுவருக்குக் கால் முளைத்துவிட்டது என்று அணைஞ்சபெருமாள் அடித்துச் சொன்னார். அப்பா கட்டிய வீட்டில் அவருக்கும் தம்பி குற்றாலிங்கத்துக்கும் எட்டு முழத்தில் ஆளுக்கோர் அறை, நடுவே ஒரு மண்சுவர். இப்போது முழம் போட்டால் அவர் அறையில் ஒரு சாண் குறைகிறது. தான் வெளியூர் போகும் நேரம் பார்த்துத் தம்பி சுவரை நகர்த்துகிறான் என்பது அவருடைய சந்தேகம்.

நாளை கொத்தனார் வந்து சுவரை இடித்து, ஒரு சாண் தள்ளிக் கட்டப் போகிறார். சுவரில் கை வைத்தால் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தன்னைவிட வயதில் சின்னவரான தன் குருவை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

குரு முதலில் தம்பியின் அறைக்குப் போய் முழம் போட்டார். அணைஞ்சபெருமாள் கண்கொத்திப் பாம்பாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்கேயும் ஒரு சாண் குறையுதே, வே.”

“அது எப்படிச் சாமி? இதுலேயும் என்னமோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்.”

குரு கடப்பாரையை வாங்கி வந்து, அணைஞ்சபெருமாளின் அறைப் பக்கமிருந்து சுவரில் குத்தினார். மண்பூச்சு அடுக்கடுக்காக உதிர்ந்தது.

“இதெல்லாம் யாரு பூசினது?”

“நான்தான். நாங்க பேசுறதை அவன் ஒட்டுக்கேக்கான்னு சந்தேகம். வருஷத்துக்கு ஒரு பூச்சு. மகளுக்குச் சம்பந்தம் பேசின வருஷம் மட்டும் ரெண்டு.”

“அந்தப் பக்கம்?”

வாசலில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணன் ஒட்டுக்கேக்காரோன்னு நானும் பூசினேன், சாமி.”

அணைஞ்சபெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. உதிர்ந்த மண்ணைக் காலால் ஒதுக்கினார்.

“அப்போ சுவரை எந்தப் பக்கம் நகர்த்தச் சாமி?”

“கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லும். நீரு உம்ம பக்கம் சுரண்டும். தம்பி அவர் பக்கம் சுரண்டட்டும். அவர் சுரண்டுற சத்தம் உமக்குக் கேட்டதும் நிறுத்திக்கிடும்.”

இருபது வருஷச் சந்தேகம் லேசில் விடுமா? தம்பிக்குக் கேட்காதபடி அவர் குருவின் காதருகே குனிந்தார்.

“நான் மட்டும் சுரண்டி, அவன் சும்மா இருந்துட்டான்னா?”

குரு கடப்பாரையை அவர் கையில் கொடுத்தார்.

“அப்பவும் பெருசாகுறது உம்ம அறைதானே, வே.”