முயல் தின்ற ஆராய்ச்சி

காட்டுப் பல்கலைக்கழகத்தின் இதழுக்கு எழுதுபவர் உடும்புப் பேராசிரியர். அதைப் பூவரசு இலைகளில் வடிவமைத்து, தண்ணீருக்குப் போகும் பாதையில் தொங்கவிடுவது தூக்கணாங்குருவி.

அந்தக் கோடையில் குளத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. தண்ணீர் குடித்த இரண்டு மான்கள் செத்து விழுந்தன. பேராசிரியர் ஒரு மாதம் கரையிலேயே கிடந்து ஆராய்ந்து, நாற்பது இலைக்கு எழுதினார்.

“ஒரு சொல்லை எடுத்தாலும் நான் ராஜினாமா!” என்றார். உடும்புப் பிடி!

குருவி அப்படியே தொங்கவிட்டது. மறுநாள் முயலைப் பார்த்து ஆவலோடு கேட்டது.

“முயலக்கா, இதழ் எப்படி?”

“பாதி தின்னேன். கொழுந்து இலை, ருசியோ ருசி!”

குருவி அதே ஆராய்ச்சியை அடுத்த இதழில் மயிலிறகு, குன்றிமணி, கொன்றைப்பூ எல்லாம் வைத்து ஜோடித்தது. காடே கூடிப் பார்த்தது. பார்த்துவிட்டு நேராகக் குளத்துக்கு நடந்தது!

“நில்லுங்க! இதழ்ல என்ன போட்டிருந்துச்சு?” என்று குருவி கத்தியது.

“மயிலிறகு போட்டிருந்துச்சு!” என்றது முயல். “நாளைக்குக் குட்டிகளையும் கூட்டிட்டு வரேன். அதுங்களுக்கும் தண்ணி காட்டணும்ல!”

நாளைக்கா! குருவி பதறிப்போய், “இன்னைக்குக் குளத்துப் பக்கம் போகாதீங்க!” என்று எல்லாரையும் திருப்பிவிட்டு, முயலின் வழியை மறித்தது.

“அக்கா, உனக்கு என்னதான் தெரியணும்?”

“என் பிள்ளைங்க எங்க தண்ணி குடிக்கணும்? அது தெரிஞ்சா போதும்.”

குருவி பறந்துபோய், பேராசிரியர் கொடுத்த மூலப்படியின் நாற்பது இலைகளையும் புரட்டியது. பிறகு புதிதாக ஒரே ஓர் இலையை எடுத்து வரைந்தது. பச்சைக் குளம், பக்கத்தில் கால்களை மேலே நீட்டிக்கொண்டு ஒரு மான். கீழே: ‘குளம் பச்சையா? குடிக்காதே! ஓடை மணலில் ஊற்றுத் தோண்டு. ஏன் என்று கேட்கிறாயா? இலையைத் திருப்பு.’ பின்பக்கத்தில் பாசியின் விஷத்தைப் பற்றி எழுதி, அதைப் பாதையில் தொங்கவிட்டது.

காலையில் முயல் குட்டிகளோடு வந்தது. நின்றது. படித்தது. குட்டிகள் இலையைத் திருப்பித் திருப்பி, “பாசியில விஷமாம்மா?” என்று துளைத்தெடுத்தன. எல்லாரும் ஓடைப்பக்கம் திரும்பினார்கள்.

பின்னாலேயே பேராசிரியர் வந்தார். அடுத்த ஆராய்ச்சி நினைப்பில், குனிந்த தலையோடு குளத்தை நோக்கிப் போனவர், இலையில் முட்டி நின்றார்.

“அடடா! உயிர் தப்பினேன். எவ்வளவு தெளிவா இருக்கு! யார் எழுதினது?”

“நீங்கதான் ஐயா!” என்றது குருவி. “நாற்பதாவது இலை, கடைசி வரி.”

எவ்வளவு பெரிய அறிவும், கேட்பவருக்குப் புரியும்படி சொன்னால்தான் உயிரைக் காக்கும்.