கோடவுன் மறைவில் மூன்று தூண்கள்

சுடலைமணி விசிறியை ஆறாவது படிக்குத் திருகினார். தூணுக்கு அந்தப் பக்கம் உத்தரத்தில் தொங்கிய தகர மாதிரி ரயில்பெட்டி இன்னும் சற்றுச் சாய்ந்து, அப்படியே நின்றது.

“பாருங்க டீச்சர். காத்து கூடக் கூட தூண விட்டு வெலகித்தான் போகுது.”

செண்பகவல்லி பார்த்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது, அவருக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிவிட்டு, தொங்கு ரயில் ஓட்டுநர்களுக்குத் தலைவராக வந்தவர். காற்றைப் படிக்க மூன்று மாதமாக அவளுடைய சோதனைக் கூடத்துக்கு வருகிறார்.

மேஜையில், ஓட்டுநருக்காக அவர் எழுதிய தாள். இன்று மூன்று மணிக்கு முதன்முறையாக ஆட்களை ஏற்றி ஓட்டப் போகிறார்கள். அறுபது பேர். தாளில் அவள் கையெழுத்து வேண்டும்.

அவர் உட்காரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னல்வரை போனார், திரும்பினார். வெளியே ஆடிக் காற்றில் வேப்பமரம் ஒரே பக்கமாக வளைந்திருந்தது.

“என்ன எழுதியிருக்கீங்க?”

“வெட்டவெளியில காத்து அடிச்சா, தயங்காம வேகமா ஓட்டி நெல்லு கோடவுன் மறைவுக்குள்ள போயிரணும். அங்க மூணு தூணு தூரத்துக்குக் காத்தே கிடையாது. பச்சையில கோடு போட்டிருக்கேன்.”

“ஓட்டுறது யாரு?”

“இசக்கி. என் மருமகன்தான். பயப்பட மாட்டான்.”

“மாமனார் எழுதிக் கொடுத்தா எப்படிப் பயப்படுவாரு.”

அவர் சிரிக்கவில்லை. “எவ்வளவு காத்து வந்தா ஆபத்துன்னு ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க டீச்சர். அதையும் எழுதிட்டுப் போயிருதேன். மணி பன்னிரண்டே முக்கால்.”

“சொல்றேன். மொதல்ல விசிறிய நிறுத்துங்க. சாப்பிடலாம்.”

அவர் எப்போதும்போல இடக்கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைச் சுவிட்சுக்கு நீட்டினார்.

“கைய எடுங்க.”

“எந்தக் கைய?”

“பெட்டியப் பிடிச்சிருக்கிற கைய.”

“பிடிக்காம நிறுத்தினா படக்குனு இங்கிட்டு வந்து தூணுல முட்டிரும் டீச்சர். மொத நாளே தகரம் நசுங்கிப்போச்சு. நாந்தான் தட்டி நேராக்குனேன். அதுலேர்ந்து பிடிச்சுக்கிடாம நிறுத்துறதே இல்ல.”

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி, பச்சைக் கோடு தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

“கோடவுன்கிட்ட காத்து படக்குனு நின்னா யாரு பிடிச்சுக்கிடுவா, அண்ணாச்சி?”

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

சுடலைமணி பெட்டியை விடாமலே வலக்கையால் போனை எடுத்தார்.

“இசக்கி. மூணு மணிக்கு வண்டிய எடுக்காத. இல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல. நான் எழுதினது மாறுது.”

போனைப் பையில் போட்டார். செண்பகவல்லி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, மூடியில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். விசிறியை ஐந்தாவது படிக்குக் குறைத்தார். பெட்டி சற்று நிமிர்ந்து, ஆடி, அடங்கும்வரை நின்றார். பிறகு நான்காவது படி.