மடிப்பு பின்னால் வரும்

பொன்னுரங்கத்துக்கு இடது கால் வீங்கிவிட்டது. பேன்ட்டுக்குள் அது நுழையவில்லை. வேட்டி கட்டினால் குன்னூர்க் குளிர் தொடைவரை ஏறியது. தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மலைக்குளிருக்கு ஒன்றும் புதியவர் அல்ல. ஆனால் உடம்பில் சதை இருந்தபோது தெரிந்த குளிர் வேறு, இப்போது தெரிகிற குளிர் வேறு.

கால் வெறும் அடையாளம்தான். நோய் வயிற்றில். வைகாசிக்கு மேல் எதையும் திட்டமிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதே கார்த்திகை முடியப்போகிறது.

தையற்காரர் சம்சுதீன் பாய்தான் ஒரு வழி சொன்னார். மலைப்பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு அவர் கில்ட் தைத்துக் கொடுப்பவர். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி, வார் போட்டுப் பூட்டிக்கொள்ளும் கம்பளி உடை அது. முழங்கால்வரை வரும். பாவாடை மாதிரிதான் இருக்கும், அதற்கு என்ன செய்வது? வீங்கிய காலை இறுக்காது, தொடைக்குக் கதகதப்பு.

கடையில் பொன்னுரங்கத்தின் இடுப்புக்கு ஆகிறாற்போல் இரண்டு கில்ட் இருந்தன.

"இது கலப்புக் கம்பளி, விலை கம்மி. ரெண்டு குளிர்காலம் தாங்கும்" என்றார் பாய். "இது சுத்தக் கம்பளி. கொஞ்சம் கூடுதல்தான். ஆனா தினமும் கட்டினாலும் உங்க காலத்துக்கும் உழைக்கும்."

பொன்னுரங்கம் சிரித்துவிட்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று பாய்க்குப் புரியவில்லை.

"ரெண்டையும் கொண்டுபோய் வீட்ல காட்டுங்க. புடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க."

வீட்டில் காட்ட யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. ஆகவே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் இருந்த சிறிய தியான இல்லத்துக்கு வந்தார். குளிர் தொடங்கியதிலிருந்து அவர் அங்கே வரவில்லை.

அங்கே குருவாக இருந்த திலகவதி, அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். சீடரான பொன்னுரங்கம் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணா என்பார்.

அம்மா முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பொன்னுரங்கம் இரண்டு கில்ட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"எதை வாங்கறதுங்கம்மா?"

"எது கதகதப்பா இருக்கு?"

"சுத்தக் கம்பளிதானுங்க. ஆனா என் காலத்துக்கும் உழைக்கும்னு பாய் சொல்றாரு. என் காலத்துக்குன்னா இந்த மலிவானதே போதுமேம்மா."

அம்மா ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"நல்லதை வாங்கினா என்னை நானே ஏமாத்திக்கற மாதிரி இருக்குதுங்க. மலிவை வாங்கினா நானே குழியில இறங்கற மாதிரி. ரெண்டும் வேண்டாம், இப்படியே போர்த்திட்டுப் படுத்துக்கலாம்னு தோணுது. படுத்தா எந்திரிக்க மாட்டேன். அது எனக்கே தெரியுது."

"ம்."

"டாக்டர் சொன்னது மாறுங்களாம்மா?"

"மாறாதுண்ணா."

பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் தன் பாட்டுக்கு வந்தது, அவர் துடைக்கவில்லை.

அம்மா சுத்தக் கம்பளிக் கில்ட்டை எடுத்து நீட்டினார்.

"உள்ளே போய் இதைக் கட்டிட்டு வாங்க."

சமையலறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். மடிப்பெல்லாம் முன்னால் இருந்தது, பெண்கள் சேலைக் கொசுவத்தை வைக்கிறாற்போல. இத்தனை துயரத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"திருப்பிக் கட்டுங்கண்ணா. மடிப்பு பின்னால வரும்."

"பின்னாலயா? நம்ம பக்கம் கொசுவம் முன்னாலதானே வரும்?"

"இதுக்குப் பின்னால."

அவர் வாரைத் தளர்த்தி, சுற்றித் திருப்பி, மறுபடி பூட்டினார். முன்பக்கம் வெறும் தட்டையாக ஆகிவிட்டது. குனிந்து பார்த்தார். ஏமாற்றமாக இருந்தது.

"இவ்வளவு துணியும் வேலைப்பாடும் பின்னாலதான் இருக்குது. கட்டறவனுக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."

"தெரியாது."

"அப்புறம் யாருக்கு இது?"

"வெளிக்கதவு வரைக்கும் நடங்க."

பொன்னுரங்கம் நடந்தார். வீங்கிய காலை இழுத்து இழுத்து வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் மடிப்புகள் விரிந்து, மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்தன. மெலிந்துபோன முதுகுக்குக் கீழே அந்த உடை மட்டும் நிறைவாக அசைந்துகொண்டு போயிற்று. அம்மாவின் கை கீரைமேல் அப்படியே நின்றுவிட்டது. இவர் போகப்போகிறார் என்பது அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

வெளிக்கதவருகே பொன்னுரங்கம் நின்றார். திரும்பவில்லை.

"எதை வாங்கறதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களேம்மா."

பின்னாலிருந்து பதில் வந்தது. குரல் அம்மாவின் குரலாகவே இல்லை.

"இன்னும் கொஞ்ச தூரம் நடங்கண்ணா. நான் இன்னும் பார்த்து முடிக்கல."