ஜன்னல் பக்கம் வாங்க ஐயா

டவுன் காவல் நிலையத்துக்கு எதிரே பூக்கட்டி விற்கிறவள் செங்கமலம். ஒருநாள் காலையில் அவள் போனில் ஓர் அதட்டல் குரல் வந்தது.

"டவுன் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பேசறேன். உன் மகன் குமரவேலைப் பிடிச்சு இங்கே உட்கார வச்சிருக்கோம். இப்ப உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொன்னாத்தான் விடுவேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

வழியில் பிடித்துவிட்டார்களோ என்று செங்கமலம் பயந்தாள். மகன் அப்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருந்தான். ஆனாலும், அவனை விடுவதற்கும் தன் போனில் வரும் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து ஸ்டேஷனைப் பார்த்தாள்.

"நம்பர் வந்துடுச்சுங்க ஐயா. நான் உங்க ஸ்டேஷனுக்கு எதிர்லதான் பூ வித்துக்கிட்டிருக்கேன். ஜன்னல் பக்கம் வந்து கையை அசைச்சீங்கன்னா, நேர்லயே வந்து சொல்லிடறேன்."

"நான் வெளியே ரவுண்ட்ஸ்ல இருக்கேன்" என்றது குரல்.

"பரவாயில்லைங்க ஐயா. எம்புள்ளை உள்ளதானே இருக்கான்? அவனைக் கையசைக்கச் சொல்லுங்க."

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது.

அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மகனைக் கூப்பிட்டாள். பட்டறையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவன், நடந்ததைக் கேட்டுப் பதறிப்போனான்.

"ஓடிபியைச் சொல்லலையேம்மா?"

"சொல்லலடா."

"அந்த ஆளோட நம்பரை எதிர்ல ஸ்டேஷன்லயே குடுத்துடு."

"குடுக்கறேன். நீ முதல்ல சாப்பிடு" என்றாள் செங்கமலம். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.