திறக்காத கடிதத்துக்கு ஒரு பதில்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில் அந்த அறை இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசைகள் லேசாக நடுங்கும். இப்போது அச்சகமும் இல்லை, அறையும் இல்லை. அங்கே இருந்தவர்கள் எங்காவது சந்தித்துக்கொண்டால் முதலில் அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அறையில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஜெபக்கனி. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் கற்றவர் கோமதிநாயகம். அவருக்கு ஐம்பத்தாறு. இருபத்தொன்பது ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் இருந்துவிட்டு, தந்தி நிறுத்தப்பட்ட பிறகு வந்து சேர்ந்தவர். அவர் இவரை 'டீச்சர்' என்பார். இவர் அவரை 'அண்ணாச்சி' என்பார்.

பெண்களுக்கான உதவி மையம் ஒன்றுக்கு அவர்கள் ஒரு நிரல் செய்து கொடுத்திருந்தார்கள். ஆபத்தில் இருக்கும் பெண் கைபேசியில் கடிதம் எழுதி, பூட்டி அனுப்பலாம். பூட்டும் சாவியை மையம் எல்லோருக்கும் கொடுத்திருந்தது. திறக்கும் சாவி வேறு. அது மையத்திடம் மட்டுமே இருந்தது. பூட்டியவளே நினைத்தாலும் திறக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை வந்த கடிதம் மையத்திலும் திறக்கவில்லை. 'திறக்க இயலவில்லை' என்று மட்டும் நிரல் சொன்னது.

எழுதியவள் பெயர் இசக்கியம்மாள் என்று அவள் தங்கைதான் மையத்துக்குச் சொன்னாள். கணவனின் அடிக்குப் பயந்து, கடிதத்தை அனுப்பிவிட்டு, கைபேசியையும் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று தங்கைக்குக்கூடத் தெரியாது. அது கடிதத்துக்குள் இருந்தது.

கோமதிநாயகம் திரையை முறைத்தார்.

"காரணமே சொல்லாம முடியாதுன்னா என்ன அர்த்தம் டீச்சர்? எங்க ஆபீஸ்ல இப்படிப் பதில் போட்டா மெமோ வரும்."

"நீங்க எப்படிப் போடுவீங்க?"

"'நாலாவது சொல் சரியா விழல, திரும்ப அனுப்பு'ன்னு போடுவோம். தூத்துக்குடி முனையில பீட்டர்னு ஒருத்தர். பதினோரு வருஷம் பேசியிருக்கோம், முகம் பார்த்ததில்ல. தந்திக் கட்டையைத் தட்டுற தாளத்துலயே அவர்தான்னு தெரிஞ்சிரும். ஒரு எழுத்து தப்பினாலும் எந்த எழுத்துன்னு சொல்லிருவாரு. அவர் லீவு போட்டா எனக்கு அன்னிக்கு வேலையே ஓடாது."

ஜெபக்கனி சிரித்தார். "சரி அண்ணாச்சி, தேடுங்க."

கோமதிநாயகம் நிரலை ஒவ்வொரு படியிலும் பேசவைத்தார். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அது சொல்லத் தொடங்கியது. மதியத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. மையம் போன வாரம் இரண்டு சாவிகளையும் மாற்றியிருந்தது. இசக்கியம்மாளின் கைபேசியில் இருந்தது பழைய சாவி. அதற்கு இணையான பழைய திறவுசாவியையும் மையத்திடம் வாங்கி நிரலில் சேர்த்தார். கடிதம் திறந்தது. அன்று மாலையே மையத்துப் பெண்கள் தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் அவளைப் போய்ப் பார்த்தார்கள்.

கோமதிநாயகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இனி யாருடைய கடிதம் திறக்காவிட்டாலும், அனுப்பியவருக்கே காரணம் பதிலாகப் போகும்படி நிரலை அப்படியே விட்டுவைத்தார்.

புதன்கிழமை காலை, ஜெபக்கனி பயணப் பையில் மாட்டும் ஒரு நம்பர் பூட்டை அவர் முன்னால் வைத்தார். மூன்று சக்கரங்கள் கொண்டது.

"திறங்க அண்ணாச்சி."

"நம்பர்?"

"அதைச் சொன்னா அப்புறம் எதுக்குப் பூட்டு? நீங்க வச்சுக் காட்டுங்க, நான் பதில் சொல்றேன்."

அவர் ஓர் எண் வைத்தார்.

"இல்ல."

இன்னொன்று வைத்தார்.

"இல்ல."

பதினைந்து முறை ஆயிற்று. "ஆயிரம் நம்பர் இருக்கு டீச்சர். நான் ரிட்டயர் ஆனவன்தான், அதுக்காக இப்படியா?"

"சரி. இனி எந்தச் சக்கரம் சரின்னு சொல்றேன்."

மறுபடியும் வைத்தார்.

"நடுவுல உள்ளது சரி."

நடுச் சக்கரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் திருப்பினார். எட்டாவது முறை பூட்டு 'டக்'கென்று திறந்தது. அவர் அதை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார்.

ஜெபக்கனி தன் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நேத்து மத்தியானத்துல இருந்து ஒரே கடிதம் ஆயிரத்து நூறு தடவை வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கு."

"யார் கடிதம்?"

"இசக்கியம்மாளோடது. பூட்டினபடியே அந்தப் பிள்ளையோட போன்ல கிடந்திருக்கு. போன் இப்போ அவ புருஷன் கையில."

"அவனால திறக்க முடியாதே. சாவி நம்மகிட்டல்லா இருக்கு!"

"சாவி நம்மகிட்டதான் இருக்கு. அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் யாரோ துணை இருக்கான். நம்ம பதிலைப் பாருங்க."

அவர் படித்தார். ஒரு முறை, 'தொடக்கம் தவறு'. இன்னொரு முறை, 'தொடக்கம் சரி, நீளம் தவறு'. எல்லாம் அவர் எழுதிய வாசகங்கள்.

பூட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எவ்வளவு தூரம் வந்துட்டான்?"

"இன்னும் திறக்கல. விட்டா திறந்திருவான். மையத்துல சொல்லிட்டேன். அந்தப் பிள்ளையை வேற வீட்டுக்கு மாத்திட்டிருக்காங்க."

கோமதிநாயகம் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். காரணங்களை எல்லாம் தங்கள் இருவருக்கு மட்டும் தெரியும் உள்பதிவுக்கு மாற்றினார். வெளியே போகும் பதிலை முன்போல ஒரே வரியாக்கினார். இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். பழைய திறவுசாவியையும் எடுத்துவிட்டார்.

பிறகு ஜெபக்கனி பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நெஜமாவே தவிச்சுப்போய் எழுதுற பிள்ளைக்கும் இதே ஒரு வரிதானா டீச்சர்?"

"அதே வரிதான்."

"அப்போ அவளை நாம எப்படிக் கண்டுக்கிறது?"

ஜெபக்கனி சொன்னார்:

"அந்த வரிக்குக் கீழே நம்ம போன் நம்பரைப் போடுங்க. அவ ஆயிரத்து நூறு தடவை கேட்கமாட்டா. ஒரு தடவை பார்த்துட்டுக் கூப்பிடுவா. நீங்க எடுக்கணும், அண்ணாச்சி."