முட்டுப்பாறையும் அந்திக் கண்ணும்

மேகம் உரசும் மலை ஒன்றில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. பகலில் ஆடுகள் சுனையருகே புல் மேயும். அந்தி சாய்ந்ததும் செந்நாய்களுக்குப் பயந்து உயரமான பாறைக்கு ஏறிவிடும். வழியில் ஒரு பிளவு இருந்தது. அதைத் தாவித்தான் கடக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் தொடங்கும்போது கிடாக்கள் ஒவ்வொன்றாக வந்து முட்டுப்பாறையில் கொம்பை மோதும். எவன் மோதும் சத்தம் பெரிதோ, அவனே அந்த ஆண்டுக் குட்டிகளுக்கெல்லாம் அப்பன்.

இடிக்கொம்பன் மோதினால் சுனைத் தண்ணீர் நடுங்கும். இரண்டு ஆண்டுகளாக அவனே வென்று வந்தான். சாம்பன் என்ற கிடா மோதினால் 'டொக்' என்றுதான் கேட்கும்.

"யாரப்பா அங்கே, மரங்கொத்தியா?" என்று மற்ற ஆடுகள் சிரிக்கும்.

செம்பி என்ற பெட்டை ஆடு இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தவள். இரண்டும் அந்தியில் பிளவுக்குள் விழுந்தன. கீழே செந்நாய்கள் காத்திருந்தன.

"பகலெல்லாம் துள்ளி ஓடிய குட்டி, அந்தியில் மட்டும் ஏன் தடுமாறியது?" என்று அவள் கேட்டாள்.

"உன் பாலில் சத்து இல்லை!" என்றான் இடிக்கொம்பன்.

செம்பிக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த குட்டியையும் இழக்க அவளுக்கு மனமில்லை. மாலைதோறும் பிளவருகே போய் நின்று பார்த்தாள். பாறை இடுக்கில் இருந்த ஆந்தை எட்டிப் பார்த்தது.

"என்னடி, தினமும் இங்கே காவலா?"

"எவள் குட்டி தடுமாறுகிறது என்று பார்க்கிறேன், அக்கா."

"அதை என்னிடம் கேட்கக் கூடாதா? இங்கேயே குடியிருக்கிறேன்! உன் குட்டிகள் விழுந்தன. உன் தங்கை குட்டி விழுந்தது. உன் சித்தி மகளின் குட்டியும் விழுந்தது. கிழக்குச் சரிவில் பிறந்தவர்கள் ஈன்றவைதான் விழுகின்றன. அதிலும் எல்லாம் இல்லை, சில. வடக்குச் சரிவுக்காரிகள் ஈன்றவை விழுந்து நான் பார்த்ததில்லை."

"அவற்றுக்கும் அப்பன் இடிக்கொம்பன்தானே?"

"அவனேதான்."

செம்பியின் முகம் வாடியது. "அப்படியானால் குறை என்னிடம்தானா?"

சற்று யோசித்தாள். சட்டென்று காதுகள் நிமிர்ந்தன. "இருங்கள், அக்கா! முன்பு ஒரு வருடம் இடிக்கொம்பன் கால் சுளுக்கிப் படுத்திருந்தான். மற்ற கிடாக்கள் இளசுகள் என்பதால் அந்த வருடக் குட்டிகளுக்குச் சாம்பன் அப்பன். அப்போது கிழக்குச் சரிவுக்காரிகளும் ஈன்றார்களே, அவை விழுந்தனவா?"

ஆந்தை கண்ணைச் சுழற்றியது. "ஒன்றுகூட இல்லை! இதை நான் யோசிக்கவே இல்லையே!"

"சாம்பன் வடக்குச் சரிவில் பிறந்தவன். இடிக்கொம்பனோ என்னைப் போலக் கிழக்குச் சரிவில் பிறந்தவன். அவனுக்கும் எனக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். அவருக்கு அந்தியில் கண் தெரியாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குறை என்னிடமும் அவனிடமும் பாதிப் பாதியாக ஒளிந்திருக்கிறது. இரண்டு பாதியும் ஒரே குட்டியிடம் சேர்ந்தால் அது விழுகிறது!"

மழைக்காலம் வந்தது. இடிக்கொம்பன் மீண்டும் வென்றான். செம்பி கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

"எனக்கு இவன் வேண்டாம். சாம்பன் போதும்."

"அந்த மரங்கொத்தியா!" என்று கூட்டம் சிரித்தது. செம்பி காரணத்தைச் சொன்னாள்.

"எனக்கா கண் தெரியாது?" என்று சீறிய இடிக்கொம்பன், அந்தி இருட்டில் ஓடிப்போய்ப் பிளவை ஒரே தாவலில் தாண்டினான். திரும்பவும் தாண்டி வந்தான். "பார்த்தாயா?"

"உன் கண்ணில் குறை இல்லை. என் கண்ணிலும் இல்லை. நம் குட்டிகளைத் தாவச் சொல்லிப் பார்ப்போம். பிளவில் வேண்டாம், இங்கே புல்தரையிலேயே."

சாம்பன் காய்ந்த கிளை ஒன்றை இழுத்து வந்து குறுக்கே போட்டான். குட்டிகள் வரிசையாக வந்தன. பல தாண்டின. இருட்டும் முன்பே பாறை ஏறிவிடுவதால் இதுவரை தப்பியிருந்த சில, நேராக வந்து கிளையில் இடறி உருண்டன. அப்படி உருண்டவற்றில் இடிக்கொம்பனின் செல்ல மகளும் இருந்தாள். அவளைப் பெற்றவள் செம்பியின் தங்கை.

"அப்பா, இங்கே என்னவோ இருக்கிறது!" என்றாள் அவள்.

இடிக்கொம்பன் அவள் தலையை முகர்ந்தான். பிறகு, "இன்று முதல் இவள் என் விலாவை ஒட்டியே ஏறட்டும்," என்றான். "செம்பி, உன் தங்கையும் சாம்பனிடமே போகட்டும். நான் வடக்குச் சரிவுக்காரிகளோடு இருந்துகொள்கிறேன்."

அடுத்த ஆண்டு செம்பி ஒரு பெண் குட்டியை ஈன்றாள். முதல் முறை பிளவருகே வந்தபோது செம்பி பின்தங்கி நின்றாள். குட்டி அந்தி இருளை உற்றுப் பார்த்தது. தாவியது. அக்கரையில் நின்று, "வாம்மா, பயமா?" என்று கேட்டது.

கீழே செந்நாய்கள் வெறும் வாயோடு திரும்பின.

"இனி உனக்குக் கவலை இல்லை," என்றது ஆந்தை.

"இருக்கிறது, அக்கா. என்னிடம் ஒளிந்திருந்த பாதி இவளிடமும் வந்திருக்கலாம். இவள் துணை தேடும்போதும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்."

வலிமையையும் முழக்கத்தையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். மறைந்திருக்கும் மீதியைப் பிள்ளைகளிடம்தான் பார்க்க முடியும்.